ஜூஸ் மெஷினைத் திருப்பி அனுப்புவது பற்றி

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், அங்கே எல்லோரும் நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்பது முறை. கேட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து நலத்தை மட்டும் ஆள்வாரியாகப் பிரித்துத்தான் சொல்ல முடியும். உன் அக்கா நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. என் மருமகள் நலம், ஆனால் உன் அக்காவோடு பேசுவதில்லை. என் மகன் மூன்று பேரோடும் பேசுவதில்லை, கேட்டால் ஆபீசில் வேலை அதிகம் என்கிறான். நீ அனுப்பிய ஜூஸ் மெஷின் மிக மிக நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பது நாளைக் காலையில் ரத்தப் பரிசோதனை முடிந்தால்தான் எனக்கே தெரியும்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ ஒரு வைத்தியம் சொல்வாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. பாங்கு வேலையிலிருந்து நீ ஓய்வு பெற்றபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இத்தனை வருஷம் ஊரார் பணத்தைக் காபந்து பண்ணியவன், இனிமேலாவது தன் உடம்பைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தோம். நீயோ ஊரார் உடம்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். விடிந்தால் உன் குட்மார்னிங்கும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மருத்துவக் குறிப்பும் வருகின்றன. அதுவரைக்கும்கூடப் பொறுத்தேன். குறிப்போடு நிறுத்தாமல் மெஷினையே அனுப்பினாய் பார், அங்கே ஆரம்பித்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ கேட்டிருப்பது உன் அக்கா சொன்ன கதை. அதில் உன் மெஷினுக்குக் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு இடது காலில் வீக்கம் வந்தது. புதுச் செருப்பு கடிக்கிறது என்று பழைய செருப்புக்கு மாறினேன். பழையதும் கடித்தது. "ரெண்டு செருப்பும் பேசி வச்சுக்கிட்டு ஒரே காலையா கடிக்கும்?" என்று உன் அக்காதான் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அதற்கு அவளுக்கு நான் கடன்பட்டவன், மறுக்கவில்லை. அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு நம் பெண் வயதுதான் இருக்கும். சிரிக்கத் தெரிந்தவள், ஆனால் நேரமில்லாதவள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கெண்டைக்காலுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, அது அங்கேயே கிடந்தால்கூடச் சமாளிக்கலாம், கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றாள். நான் சரக்கு தேங்கினால் நஷ்டம் என்று நினைத்து வாழ்ந்தவன். தேங்கியது கிளம்பினால் ஆளே நஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ரத்தத்தை இளக்குவதற்கு ஒரு மாத்திரை எழுதினாள். யோசித்துப் பார். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து டீத்தூள் கலந்து விற்கிறவன் நான். டீ தண்ணியாக இருக்கிறது என்று எந்த வாடிக்கையாளனும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே காலையில் எழுந்தவன். என் உடம்பில் ஓடுவதைத் தண்ணியாக்க நானே காசு கொடுத்து மாத்திரை வாங்க வேண்டியதாயிற்று.

அந்த மாத்திரையில் ஒரு வம்பு உண்டு. போட்டோமா போனோமா என்று இருக்க முடியாது. அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு நம்பர் வரும். என்னைப் போன்ற ஆளுக்கு அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே இறங்கினால் ரத்தம் கட்டும், மேலே ஏறினால் ரத்தம் கொட்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதைச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார்கள். சாப்பாட்டில் எதைப் புதிதாகச் சேர்த்தாலும் எதை நிறுத்தினாலும் என்னிடம் சொல்லுங்கள் என்றாள் டாக்டரம்மா. தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் நாம் செலவில்லாமல் செய்யக்கூடியது அது ஒன்றுதானே.

இதில் உன் அக்காவின் பயணமும் மாட்டிக்கொண்டது. நம் பெண்ணுக்கு இது எந்த மாதம் என்று உனக்குத் தெரியும். போன தடவை நடந்ததும் தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம். இந்தத் தடவை அம்மா பக்கத்தில் இருந்தால்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். உன் அக்காவோ, அவர் நம்பர் ஒரு இடத்தில் நிற்காமல் நான் இந்த வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன் என்று மற்றொரு காலில் நிற்கிறாள். டாக்டரம்மாவைக் கேட்டதற்கு, அடுத்தடுத்து இரண்டு பரிசோதனையில் நம்பர் ஒழுங்காக வந்தால் தைரியமாகப் போய்வாருங்கள் என்றாள். ஆக, என் ரத்தம் ஒழுங்காக இருந்தால் உன் அக்கா ரயில் ஏறுவாள், ரயில் ஏறினால் நம் பெண் நிம்மதியாகப் பெறுவாள். இவ்வளவு பெரிய பாரத்தை என் கெண்டைக்காலில் ஏற்றி வைத்திருக்கும்போதுதான் உன் பார்சல் வந்தது.

பெட்டியைப் பிரித்ததும் மேலேயே உன் சீட்டு. "அத்தான், இனிமேல் உங்களுக்குப் பழச்சாறுதான் மருந்து." உன் அக்கா அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள். நான் கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு எழுதிய கடிதத்தைக்கூட ஒரு தடவைதான் வாசித்தாள். மறுநாள் விடிவதற்குள் மெஷினை ஓட்டினாள். மச்சான், அதன் சத்தத்தை நீ கேட்டிருக்கிறாயா, அல்லது படத்தைப் பார்த்தே வாங்கினாயா? கல் ஏற்றிய லாரி மேட்டில் ஏற முடியாமல் பின்னால் வருகிற மாதிரி ஒரு சத்தம். மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, வீட்டை இடிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, மாதுளம்பழம் என்றேன். பெரிய தம்ளர் நிறையக் கொடுத்தாள். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். காலையில் ஒன்று, சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் ஒன்று. தம்பி ஆசையாய் அனுப்பியது என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தாள்.

அந்த வாரம் சவரம் செய்யும்போது கன்னத்தில் சின்னதாய் ஒரு கீறல். ரத்தம் நிற்கவில்லை. காகிதத் துண்டை ஒட்டினேன், அதையும் நனைத்துக்கொண்டு வந்தது. முகமெல்லாம் காகிதம் ஒட்டிக்கொண்டு கடைக்குப் போனால், பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் ஏதாவது தகராறா என்று இரக்கமாக விசாரித்தார். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பரிசோதனையில் நம்பர் நாலைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்துவிட்டு, புதிதாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா, குடிக்கிறீர்களா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிற்பாடு எல்லோரும் என்னைக் குடைந்தார்கள். நீயே சொல், டாக்டரிடம் மனிதன் எதை ஒப்புக்கொள்வான்? சிகரெட் பிடித்ததை ஒப்புக்கொள்வான், மாத்திரையை மறந்ததை ஒப்புக்கொள்வான். பழச்சாறு குடித்ததைத் தலைகுனிந்து சொல்வதற்கு அது என்ன சாராயமா?

வீட்டுக்கு வந்ததும் என் மருமகள் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படித்த பெண். உன்னைப் போல வந்ததைத் தள்ளிவிடுகிறவள் இல்லை, தேடிப் பிடித்துப் படிக்கிறவள். படித்துவிட்டு, "மாமா, இந்த மாத்திரைக்கும் சில பழச்சாறுக்கும் ஒத்துக்காதாம். மாதுளையும் அந்த லிஸ்டுல வருது, ஆனா உறுதியாச் சொல்லல. கீரை அதுக்கு எதிர்ப்பக்கமாம்" என்றாள். உன் அக்கா சமையலறையிலிருந்தே, "பழம் விஷமாம், தழை அமிர்தமாம், நல்லாயிருக்கு நியாயம்" என்றாள். அன்றைக்கு வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பழக்கட்சிக்கு உன் அக்கா தலைவி, நீ வெளியிலிருந்து ஆதரவு. கீரைக்கட்சிக்கு மருமகள். இரண்டு கட்சிக்கும் சின்னம் ஒன்றுதான், உன் மெஷின். காலையில் அது இரண்டு தடவை இடித்தது. ஒரு தடவை சிவப்பாகவும் ஒரு தடவை பச்சையாகவும் துப்பியது. மாதுளையை மூட்டை கட்டிவிட்டதாக உன் அக்கா என்னிடம் சத்தியம் செய்துவிட்டு, நான் மொட்டை மாடிக்குப் போனதும் ஓட்டினாள். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக ஜூஸ் போட முடியும் என்று நம்பிய ஒரே மனுஷி உலகத்தில் அவள்தான்.

கீரைச் சாறு எப்படி இருக்கும் என்று கேட்காதே. மழையில் நனைந்த பாயைப் பிழிந்து குடித்திருக்கிறாயா? குடித்ததில்லை அல்லவா, அப்படியே நன்றாக இரு. அடுத்த பரிசோதனையில் நம்பர் ஒன்றரைக்குப் போய்விட்டது. மாத்திரை ஏறியது. கீரைக்கட்சி அடக்கி வாசித்தது, பழக்கட்சி தலை நிமிர்ந்தது. உன்னிடமிருந்து வேறு ஒரு செய்தி வந்தது, மாதுளை இதயத்துக்குத் தோழன் என்று. உன் அக்கா அதை மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரயில் டிக்கெட்டை ரத்துசெய்தோம்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மறைக்கப் போவதில்லை. வியாபாரி என்றால் மூளை ஒரு பக்கமாகத்தான் ஓடும். என் தொழில் என்ன? ஒரு தோட்டத்துத் தூள் காரமாக இருக்கும், இன்னொரு தோட்டத்துத் தூள் சப்பென்று இருக்கும். இரண்டையும் பக்குவமாகக் கலந்தால் எந்த மாதமும் ஒரே ருசி. அந்தக் கலவையை வைத்துத்தான் வீடு கட்டினேன், பெண்ணைக் கட்டிக்கொடுத்தேன். பழம் ஏற்றுகிறது, கீரை இறக்குகிறது என்றால் இரண்டையும் கலந்து குடித்தால் நடுவில் நிற்கப் போகிறது. இதற்குப் போய்ப் பெரிய படிப்புப் படித்தவளைத் தொந்தரவு பண்ணுவானேன் என்று தோன்றியது.

எங்கள் கடை மேனேஜரை உனக்குத் தெரியும். எல்லோரும் அவரை 'ஆமாங்க' என்று கூப்பிடுவோம், பெற்றவர்கள் வைத்தது வேறு பெயர். மாதுளையைக் கடைக்கு அனுப்புகிறேன், மருமகளுக்குத் தெரியாமல் முதலாளிக்குக் கொடுங்கள் என்று உன் அக்கா போன் செய்தாள். ஆமாங்க என்றார். கீரையைக் கடைக்கு அனுப்புகிறேன், அத்தைக்குத் தெரியாமல் கொடுங்கள் என்று மருமகள் போன் செய்தாள். ஆமாங்க என்றார். என் மேஜையில் இரண்டு பிளாஸ்க் வந்து நின்றன. டீ ருசி பார்க்கிற வெள்ளைக் கிண்ணத்தில் இரண்டையும் பாதிப் பாதி ஊற்றிக் கலக்கினேன். நிறம் மட்டும்தான் கொஞ்சம் பயமுறுத்தியது. பழக்கதோஷத்தில் முதல் வாயை உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டேன். இந்தக் கதை முழுவதிலும் என் உடம்பு சொன்ன ஒரே நல்ல யோசனை அதுதான். கேட்காமல் மிச்சத்தைக் குடித்தேன்.

என் கலவை ஒரு வாரம் ஓடியது. பிறகு கீரைக்கட்சித் தலைவி உன் அக்காவோடு ஒரு கரண்டி விஷயமாக வாக்குவாதப்பட்டுத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கரண்டி ஒரு சாக்கு என்பது உனக்குப் புரியும். கீரை பிளாஸ்க் நின்றது. நான் மாதுளையைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன் என்று ஆமாங்க வாயிலிருந்து உன் அக்கா ஏற்கனவே பிடுங்கியிருந்தாள். பாதிதானே குடிக்கிறார், சேர்த்துப் பிழிந்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று பழத்தை இரட்டிப்பாக்கினாள். ஆக, அவள் என்னைத் திருத்துகிறாள், நான் இரண்டு பேரையும் திருத்துகிறேன், டாக்டரம்மா எங்கள் வேலை எதுவும் தெரியாமலே மாத்திரையைத் திருத்துகிறாள். ஒரே தராசை நாலு பேர் ஆளுக்கொரு மூலையில் நின்று சரிசெய்தால் முள் எங்கே நிற்கும்?

அன்றைக்குத்தான் அந்தப் பெரிய ஓட்டல்காரர்களின் கொள்முதல் அதிகாரி கடைக்கு வந்திருந்தார். எத்தனை மாதம் அலைந்து அவரை வரவழைத்தேன் என்பது உனக்குத் தெரியும். வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக ருசி பார்த்துக்கொண்டிருந்தோம். நான் குனிந்து மோந்து பார்க்கிறேன், மூக்கிலிருந்து சொட்டென்று ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவர் கவனிக்கவில்லை. கிண்ணத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நிறம் அருமையா எறங்குது. இது எந்தச் சரக்கு?" என்று கேட்டார். ஆமாங்க, "இது முதலாளியோட சொந்தச் சரக்குங்க" என்றார். அதற்குள் கைக்குட்டை நனைந்து, துண்டு நனைந்து, சட்டை நனைந்துவிட்டது. அதிகாரி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியோடு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரையும் ஒரே வண்டியில்தான் கொண்டுபோனார்கள். அவருக்குத் தண்ணீர் தெளித்து அனுப்பிவிட்டார்கள். என்னைப் படுக்கவைத்தார்கள்.

மச்சான், இதுவரை சிரித்துக்கொண்டு படித்திருப்பாய். நானும் எழுதும்போது சிரித்தேன். ஆனால் அந்தக் கட்டிலில் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. உன் அக்கா என் சட்டையைப் பையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். சுவர் இல்லாவிட்டால் விழுந்திருப்பாள். அவள் போன் அடித்தது. நம் பெண். அம்மா எப்போது கிளம்புகிறாய் என்று கேட்கிறாள். இவள், "அப்பாவுக்கு லேசா ஜலதோஷம்டா, மூக்கு ஒழுகுது, நின்னதும் வரேன்" என்றாள். எனக்குத் தெரிந்து உன் அக்கா சொன்ன பொய்யிலேயே உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது அதுதான்.

மருமகளும் செய்தி கேட்டு ஓடி வந்துவிட்டாள். டாக்டரம்மா எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள். சிரிக்கவில்லை.

"வீட்டுல இவருக்குக் குடிக்கக் குடுக்கறது யாரு?"

"நான்தான்" என்றாள் உன் அக்கா. "நானும்தான்" என்றாள் மருமகள். ஆமாங்க தானாகவே ஆமாங்க என்றார்.

"நீங்க எதுக்கு ஆமாங்கறீங்க?"

"ரெண்டு பேருக்கும்தாங்க."

ஒவ்வொருவராக அவிழ்த்துவிட்டார்கள். நானும் என் கலவையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. மாதுளைச் சாறு இந்த மாத்திரையோடு சேர்ந்தால் சில பேருக்கு நம்பர் ஏறியிருக்கிறது, எல்லோருக்கும் ஏறும் என்றோ இத்தனை தம்ளருக்கு இவ்வளவு என்றோ யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, கீரை இறக்கும் என்பது நிச்சயம், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறு விதி என்றாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டீயில ஒரு மூட்டை தப்பாப் போச்சுன்னா அடுத்த மூட்டையில சரி பண்ணிடுவீங்க. இதுல அடுத்த மூட்டை கிடையாதுங்க."

உன் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். மருமகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆமாங்ககூடக் கண்ணைத் துடைத்தார். அந்தக் களேபரத்தில் டாக்டரம்மா மாத்திரை அளவை மாற்றி எழுதி, மாதுளையைக் கையால்கூடத் தொடக்கூடாது என்றாள். கீரையைப் பற்றியும் ஏதோ சொன்னாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்கத்தான் வேண்டுமா என்ன, எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கலப்படம் என்று ஒரு மூட்டையில் சந்தேகம் வந்தால் அந்த வரிசையையே இறக்கிவிடுவது என் பழக்கம். வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன். இனிமேல் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, பழமும் இல்லை, தழையும் இல்லை, இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். மருமகள் மட்டும், "மாமா, டாக்டர் கீரையை நிறுத்தச் சொல்லல" என்றாள். கட்சிக்காரி, தன் கட்சியை விட்டுக்கொடுப்பாளா? நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மாத்திரை, வெறும் சோறு, தண்ணீர். முனிவரைப் போல இருக்கிறேன். நாளைப் பரிசோதனையில் நம்பர் நடுவில் வந்து நிற்கும், எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகையால் உன்னிடம் கேட்டுக்கொள்வது மூன்று. முதலாவது, மெஷினைக் கழுவித் துடைத்து அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். பெட்டியை உன் அக்கா பத்திரமாக வைத்திருந்தாள், எங்கள் கல்யாணப் புடவைகூட இவ்வளவு பத்திரமாக இல்லை. இந்தக் கடிதத்தையும் அதற்குள்ளேயே போட்டு, நாளைக்கு ஆமாங்க மூலமாக அனுப்பிவைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ ஆசையாகத்தான் அனுப்பினாய். ஆசையாக அனுப்பியதால்தான் அதை யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இரண்டாவது, தயவுசெய்து செய்தி எதுவும் அனுப்பாதே. குட்மார்னிங் மட்டும் அனுப்பு. பூப்படம் போட்டு அனுப்பினால் போதும், பழப்படம் வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். உன் அக்கா நான் சொல்லிக் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். அத்தானை மருமகள் பார்த்துக்கொள்வாள், நீ கிளம்பு என்று நீ ஒரு வார்த்தை போனில் சொல். நம் பெண் தினமும் போன் செய்கிறாள். அம்மா எப்போது வருவாள் என்று இப்போது கேட்பதில்லை. ஜலதோஷம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது, மச்சான். வியாபாரத்தில் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன், அது வேறு. இத்தனை அன்பை ஒரே நேரத்தில் குடிக்க இந்த உடம்பில் இடமில்லை.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசியைச் சொல். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு, பிறருக்கு மருந்து சொல்லாமல் அதைவிட நீண்ட நாள் இரு.

இப்படிக்கு,
தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருக்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய கடிதமும் மெஷினும் சொன்ன நாளில் கிளம்பவில்லை என்பது இதைப் படிக்கும்போதே உனக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் காலைப் பரிசோதனையில் நம்பர் மறுபடியும் மேலே போய்விட்டது. "கீரை குடிச்சீங்களா?" என்று கேட்டாள் டாக்டரம்மா. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "நான் மாத்திரை அளவு போட்டதே அந்தக் கீரையையும் சேத்துத்தாங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம், தினம் அதே தம்ளர்ல அதே அளவுன்னு அன்னிக்கே சொன்னேனே." மருமகள் என் பின்னால்தான் நின்றாள். நான் சொன்னேன் அல்லவா என்று கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தாள், மேலேயே இந்தக் கடிதம். உன் அக்கா அதை வாசித்தாள், இரண்டு தடவை, சத்தமாக. கடைசியில், "கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதைவிட இது பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கி மேடைமேல் வைத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு பரிசோதனையும் நடுவில் வந்து நின்றன. அவள் ரயில் ஏறிவிட்டாள். ஒரு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் ஏறினாள். தினமும் காலையில் மருமகள் கீரையை அரைக்கும்போது நான் போனை மெஷின் பக்கத்தில் பிடிக்க வேண்டும், சத்தத்தைக் கேட்டால்தான் நம்புவாளாம். நீ தாத்தாவாகி எத்தனை நாள் ஆயிற்று என்பது உனக்கே தெரியும். உன் அக்கா சொல்லியிருப்பாள். ஆனால் இதைச் சொல்லியிருக்கமாட்டாள். பேத்தி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் ஓயாமல் அழுதாள். தூக்கி நடந்தார்கள், பாடினார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் உன் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே என் போனை எடுத்தாள். இங்கே மெஷின் இடித்தது. அங்கே அழுகை நின்றது. மறுநாளும் அப்படியே. இப்போது நம் பெண்ணே மணி பார்த்துப் போன் செய்து, "அப்பா, குடிக்கலாம்பா" என்கிறாள். நான் கீரையைக் குடித்து முடிப்பதற்குள் அங்கே குழந்தை தூங்கிவிடுகிறது.

ஆகையால் மெஷினைக் கேட்டு யாரையும் அனுப்பிவிடாதே. இன்னொன்று. இன்று காலையில் சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது, குழந்தை பாதியில் விழித்துக்கொண்டதாம். உள்ளே என்ன தேய்ந்தது என்று நீ வாங்கிய கடையில் கேட்டு, அந்தச் சாமானை உடனே அனுப்பு. பழைய சத்தம் கொஞ்சம்கூடக் குறையக்கூடாது என்று கடைக்காரனிடம் அழுத்திச் சொல்.